நாடகத் தமிழுக்கு நாவளித்த நல்லாசான் சங்கரதாஸ் சுவாமிகள்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்துப் போற்றுதல் நம் மரபு. எனினும் மூன்றனுள் நாடகத்திற்கு நாம் அளித்துவரும் இடம் பந்தியின் கடைசி இலையே. இயற்றமிழைப் பாடமாகப் படிக்கின்றோம். இசைத்தமிழை அரங்கில் அமர்ந்து சுவைக்கின்றோம். நாடகத் தமிழை மட்டும் விடியற்காலையில் வேடம் கலைந்தவுடன் மறந்துவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வில்லியனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், சேர்க்கைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்னும் இடத்தில் கூலி என்று எழுதியிருந்தார். அவருடைய தந்தையார் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துரியோதனன் வேடம் கட்டிப் பெயர் பெற்றவர் என்பது பின்னர்தான் எனக்குத் தெரியவந்தது. அதனை ஏன் எழுதவில்லை என வினவினேன். அம்மாணவர் விடை கூறவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிந்த தலையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

திருவாண்டார்கோயிலில் பேருந்து ஏறினால் வில்லியனூர் வழியாகப் புதுவை நகரை அடையலாம். நகரின் வடபால் உள்ளது கருவடிக்குப்பம். பாரதியாரின் குயில் தோப்பு அங்கிருந்தது என்பதைப் பலரும் அறிவர். அதே கருவடிக்குப்பத்து இடுகாட்டில், தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியர் என்று கொண்டாடும் ஒருவர் துயில்கின்றார். அவரே தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். நாள்தோறும் அவ்வழியே செல்லும் நம்முள் எத்துணைப் பேர் அதனை அறிவோம்?

இளமையும் கல்வியும்

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இயற்பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணம் சொல்வதில் வல்லவராய் இருந்தமையால் இராமாயணப் புலவர் என்றே அழைக்கப்பெற்றார். எனவே, கதையைச் சொல்லிக் கேட்போரைக் கட்டிப்போடும் கலை மைந்தருக்கு வீட்டிலேயே வாய்த்தது எனலாம்.

தந்தையாரிடம் தொடக்கக் கல்வி பெற்ற பின்னர், வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் சென்று தமிழ் பயின்றார். தண்டபாணி சுவாமிகள் சந்தப் பாடல்களில் ஈடு இணையற்ற புலவர். எழுத்தெண்ணிப் பாடும் அக்கடுமையான பயிற்சியே, பிற்காலத்தில் சங்கரதாஸர் எந்த மெட்டைக் கேட்டாலும் அதற்கேற்ற சொற்களை நொடியில் அமைத்துத் தரும் ஆற்றலைப் பெறக் காரணமாயிற்று. வெண்பா, விருத்தம், சந்தம், சிந்து, கும்மி என யாப்பின் எல்லா வாயில்களும் அவருக்குத் திறந்திருந்தன.

கற்ற கல்வி உடனே சோறு போட்டுவிடவில்லை. தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கராகச் சில காலம் பணியாற்றினார். பகலில் மூட்டைக் கணக்கும் மனத்தில் பாட்டுக் கணக்குமாக வாழ்ந்த அவர், 24ஆம் அகவையில் அப்பணியை உதறிவிட்டு நாடகத்துறையில் புகுந்தார்.

அன்றைய மேடை

அவர் மேடையேறிய 1891ஆம் ஆண்டு தமிழ் நாடக வரலாற்றில் இரட்டைச் சிறப்புடையது. அதே ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். கற்றோரும் வழக்கறிஞரும் பொழுதுபோக்காக நடிக்க அது வழிவகுத்தது. சம்பந்த முதலியார் உரைநடையை மேடைக்குக் கொணர்ந்தார். சங்கரதாஸரோ, நடிப்பையே வயிற்றுப்பாடாகக் கொண்ட தொழில்முறைக் கலைஞர்களோடு சேர்ந்தார். ஒருவர் வீட்டிலிருந்து அரங்கிற்கு வந்தார். மற்றவர்க்கு அரங்கே வீடாயிற்று.

அக்காலத்து நாடகச் சூழலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருபுறம் நம் சிற்றூர்களில் விடிய விடிய நடைபெற்ற தெருக்கூத்து. மறுபுறம் பார்சி நாடகக் குழுவினரின் வண்ணத் திரைகளும் பக்கப்படுதாக்களும் கண்டு மயங்கிய நகரத்து மக்கள். அலிபாதுஷா நாடகம், அப்பாசு நாடகம் எனத் தமிழ் முஸ்லிம் புலவர்களின் படைப்புகளும் அந்நூற்றாண்டில் நாடகத் தமிழுக்கு வளம் சேர்த்தன. படைப்புகள் இருந்தன, பாடல்களும் இருந்தன. ஒழுங்குதான் இல்லை. நடிகர்கள் பாட்டை நெட்டுருச் செய்து பாடினர். இடையில் வரும் உரையாடலை வாய்க்கு வந்தவாறு பேசினர். எதிரே நிற்பவரை மடக்குவதே திறமை எனக் கருதினர். கோமாளி வேடக்காரர் கைதட்டல் கிடைக்கும் வரை கதையை நிறுத்திவைப்பதும் உண்டு. எழுதப்பெற்ற உரையாடலின்றி நாடகம் நாளுக்கொரு வடிவம் எடுத்தது.

எமனாகவும் சனியாகவும்

சங்கரதாஸர் முதலில் சேர்ந்தது இராமுடு அய்யர், கல்யாணராமய்யர் ஆகியோரின் நாடகக் குழுவில். நெடிய உருவமும் கணீரென்ற குரலும் கொண்ட அவருக்கு இயல்பாகவே அச்சமூட்டும் வேடங்கள் வந்து சேர்ந்தன. இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகியனவே அவர் ஏற்ற புகழ்பெற்ற வேடங்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கீற்றுக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர்க்கும் சொல் சென்று சேர வேண்டும். மங்கிய விளக்கொளியில் முகபாவத்தைவிடக் குரலே நடிப்பின் உயிர். அக்குரலால் அவர் அவையை நடுங்கச் செய்தார்.

இவ்விடத்தில் நாடகத் துறையினர் வழிவழியாகச் சொல்லிவரும் இரு நிகழ்ச்சிகளைக் குறிப்பிடுதல் வேண்டும். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாகப் பாசக்கயிற்றோடு ஆர்ப்பரித்து வந்தபோது, அவையில் இருந்த கருவுற்ற பெண்ணொருத்திக்கு அச்சத்தால் கரு கலைந்தது என்பர். பிறிதோர் ஊரில் நளதமயந்தி நாடகம் முடிந்த விடியற்போதில், சனீசுவரன் வேடத்தைக் கழுவிக் களைவதற்காக அவர் நீர்நிலைக்குச் சென்றார். கரிய பூச்சோடு இருளில் வந்த அவ்வுருவைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பர்.

ஒரு நடிகருக்கு இவற்றைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை என்று பிறர் கொண்டாடியிருக்கக் கூடும். வேறொருவராயின் சுவரொட்டியில் அச்சிட்டுப் பெருமை தேடியிருப்பார். சங்கரதாஸரோ உள்ளம் உடைந்தார். தம் கலை பிறர் உயிருக்கு ஊறு செய்யுமாயின் அக்கலையைத் தாம் ஏந்துதல் தகாது எனத் துணிந்தார். வேடம் புனைவதை விட்டொழித்தார். நடிகராக அவர் பெற்ற வாழ்வு சில ஆண்டுகளே. அந்தத் துறவில்தான் அவருடைய உண்மையான நாடக வாழ்வு தொடங்குகின்றது.

வேடம் களைந்தவர் வாத்தியாரானார்

மேடையை வெறுத்த அவர் தலயாத்திரை மேற்கொண்டார். காவியும் உருத்திராக்கமும் பூண்டு, மணம் புரியாது வாழ்ந்தமையால் மக்கள் அவரைச் சுவாமிகள் என அழைக்கலாயினர். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையைச் சந்தித்தது அவர் வாழ்வில் ஒரு திருப்பம். பிள்ளையவர்கள் அவரைத் தம் இல்லத்திலேயே தங்கவைத்து மகன்போல் பேணினார். தாள நுட்பங்கள் அனைத்தையும் சுவாமிகள் அங்குக் கற்றார். தண்டபாணி சுவாமிகள் தந்த சந்தமும் மான்பூண்டியா பிள்ளை தந்த தாளமும் ஒன்றாயின. அதன் பின்னர் நாடக உலகம் அவரை மீண்டும் அழைத்தது. இம்முறை நடிகராக அன்று, வாத்தியாராக.

நாடகக் குழுவில் வாத்தியார் என்பவர் வெறும் பயிற்றுநர் அல்லர். கதையை அமைப்பவர், பாட்டு இயற்றுபவர், மெட்டுப் போடுபவர், பாடம் கொடுப்பவர், ஒத்திகை நடத்துபவர் எல்லாம் அவரே. வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம், பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, சதி சுலோசனா, பிரகலாதன், அபிமன்யு சுந்தரி எனச் சுவாமிகள் எழுதிக் குவித்தார். வடமொழி மிருச்சகடிகமும் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத்தும்கூட அவர் கைவண்ணத்தில் தமிழ் நாடகங்களாயின. அவருடைய நாடகங்கள் ஏறத்தாழ ஐம்பது என்பர். இன்று அச்சில் கிடைப்பவை அவற்றுள் ஒரு பகுதியே என்பது வருந்தத்தக்கது.

அவர் செய்த புரட்சி யாது? பாட்டோடு உரையாடலையும் எழுதிக் கொடுத்தமையே. இதற்குமுன் நடிகரின் வாய்ப்போக்கில் விடப்பெற்றிருந்த வசனம், அவரால் எழுத்து வடிவம் பெற்றது. குறளும் நாலடியும் பழமொழியும் அவ்வசனத்தில் இயல்பாக வந்து கலந்தன. எழுதப் படிக்க அறியாத உழவர், கொட்டகைத் தரையில் அமர்ந்தவாறே நீதிநூல்களைக் கேட்டறிந்தனர். பள்ளி செல்லாதவர்க்கு அவர் மேடையே பள்ளியாயிற்று எனின் அது மிகையாகாது.

அவருடைய நகைச்சுவை உணர்வுக்கும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கோவலன் நாடகத்தில் மதுரையை மாபாவியர் வாழும் ஊர் எனக் குறிக்கும் பாட்டொன்று வரும். மதுரையிலேயே அது பாடப்பெற்றபோது அவையோர் சினந்தெழுந்தனராம். சுவாமிகள் சிறிதும் கலங்காது, மா என்பது திருமகள், பா என்பது கலைமகள், வி என்பது மலைமகள்; மூவரும் வாழும் நகர் என்றல்லவா பாடினோம் என்று பொருள் விரித்தாராம். சினந்தவர் சிரித்தனர், நாடகம் தொடர்ந்தது. இது நடந்ததோ, புனைந்ததோ, தமிழில் தோய்ந்த ஒரு நாவின் விரைவை மக்கள் எவ்வாறு நினைவில் வைத்துள்ளனர் என்பதற்கு இஃதொரு சான்று.

பாலர் சபை

1910ஆம் ஆண்டு சுவாமிகள் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். சமரசம் என்னும் சொல்லைத் தம் சபைக்குச் சூட்டியதே அவர் நெஞ்சின் விரிவைக் காட்டும். பின்னாளில் தமிழகத்தையே தம் குரலால் ஆட்கொண்ட எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவராய் அவரிடம் பயின்றவர்.

பெரியவர்கள் நடித்த குழுக்களில் கட்டுப்பாடு குன்றியிருந்தது. குடிப்பழக்கமும் போட்டி மனப்பான்மையும் மலிந்திருந்தன. வாத்தியார் எழுதிய வசனத்தைப் பேச மறுத்துத் தம் மனம்போல் பேசுவதை அவர்கள் உரிமையாகவே கருதினர். எனவே, 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் நிறுவினார். சிறுவர்களுக்குத் தங்குமிடமும் உணவும் அளித்து, அதிகாலை முதல் இசை, வசனம், நடிப்பு ஆகியன கற்பிக்கப்பெற்றன. குருகுலம் போன்ற அமைப்பு அது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் முறையன்று. பால சபைகளில் கண்டிப்பு மிகுதி; அடியும் உண்டு. தாய்மடி தேடும் பருவத்தில் ஊர் ஊராய் அலைந்த சிறுவர்கள் அவர்கள். மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் பலருடைய எதிர்காலமே இருண்டுபோகும். வறுமையே பெற்றோர் பலரைத் தம் மக்களை அங்கு அனுப்பச் செய்தது. ஆயினும், வேறெங்கும் எழுத்தறிவே கிட்டாதிருந்த ஏழைச் சிறுவர் பலர்க்குத் தமிழும் இசையும் கிடைத்தது அங்கேதான் என்பதும் உண்மை.

அச்சபையில் 6 அகவைச் சிறுவராகச் சேர்ந்தவரே அவ்வை தி.க. சண்முகம். அவரையும் உடன்பிறந்தாரையும் நாம் டி.கே.எஸ். சகோதரர்கள் என அறிவோம். சண்முகத்தின் திறமையைக் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவர் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார். பாட்டும் வசனமுமாகப் பல மணி நேரம் நடக்கவல்ல முழு நாடகம் அது. அடித்தலும் திருத்தலும் இன்றி அவர் எழுதும் வேகத்தைச் சண்முகம் பிற்காலத்தில் வியந்து பதிவு செய்துள்ளார். ஒரு காலத்தில் எமனாய்ப் பெண்டிரை நடுங்கவைத்தவர், ஒரு குழந்தைக்காக விடிய விடிய விளக்கெரித்து எழுதினார். வேடத்தைத் துறந்தவர் எதனைப் பெற்றார் என்பதற்கு இதனினும் சிறந்த விடை வேண்டுமோ?

பிரெஞ்சு நாட்டில் ஒருவர்

பிரெஞ்சுப் பண்பாட்டோடு நெடுங்காலம் உறவுடைய புதுவை மக்களாகிய நாம், அதே காலத்துப் பிரெஞ்சு மேடையையும் ஒருகணம் நோக்கலாம். நகைச்சுவை நாடகப் பேரரசர் மோலியேர் 1673இல் இறந்தபோது, அவர் நடிகர் என்பதால் திருச்சபையின் அடக்கச் சடங்கு மறுக்கப்பெற்றது. மன்னர் பதினான்காம் லூயி தலையிட்ட பின்னரே இரவுப்பொழுதில் ஆரவாரமின்றி அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. நடிகரைக் கண்டு கைதட்டிவிட்டு அவரைக் கீழாக எண்ணும் மனநிலை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

மோலியேரின் குறும்புக்கார வேலையாள் வேடங்களில் நடித்து 19ஆம் நூற்றாண்டில் பெரும்புகழ் பெற்றவர் கொக்லான். ரொட்டி சுடுபவரின் மகனாக 1841இல் பிறந்த இவர், 1860இல் பாரிசின் புகழ்மிக்க கொமெதி பிரான்சேஸ் அரங்கில் அடியெடுத்து வைத்தார். 1897இல் நீண்ட மூக்குடைய சிரானோ வேடம் ஏற்று உலகப்புகழ் எய்தினார். எனினும் அவர் செய்தவற்றுள் நெஞ்சைத் தொடுவது வேறு. முதுமையுற்ற ஏழை நடிகர்களுக்காகப் பாரிசுக்கு வெளியே போந்தோதாம் என்னுமிடத்தில் ஓர் இல்லம் அமையப் பாடுபட்டார். 1909இல் அவர் உயிர் பிரிந்ததும் அவ்வில்லத்தில்தான். அவர் அடக்கம் செய்யப்பெற்றதும் அங்கேதான்.

கொக்லான் சிரிக்கவைத்தவர், சங்கரதாஸர் நடுங்கவைத்தவர். அவர் இறுதிவரை நடித்தார். இவர் இளமையிலேயே வேடம் களைந்தார். முன்னவர் மேடையிலிருந்து இறங்கும் முதியோரை எண்ணினார். பின்னவர் மேடையில் ஏறும் சிறாரை எண்ணினார். தம் புகழைத் தம்மோடு முடியவிடாது, தம் இனத்தார்க்கு நிழலாக்கிய வகையில் இருவரும் ஒருவரே.

புதுவையில் இறுதி

1921ஆம் ஆண்டு சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை செயலிழந்தது, பேச்சும் அடங்கியது. ஓரிரவில் ஒரு நாடகத்தை எழுதிய கை அது. ஆயிரக்கணக்கான நடிகர்களின் நாவில் தமிழை ஏற்றிய நா அது. தாம் எழுதிய வசனத்தைச் சிறுவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே அவரால் இயன்றது. அந்நிலையிலும் அவர் சபையைப் பிரிந்திருக்கவில்லை. அதனோடு ஊர் ஊராய்ச் சென்றார்.

அவ்வாறே புதுவைக்கும் வந்தார். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், திங்கட்கிழமை இரவு, பிரெஞ்சியர் ஆட்சியில் இருந்த இம்மண்ணில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை 55. தென்பாண்டிக் கடற்கரையில் பிறந்தவரைக் கிழக்குக் கடற்கரையின் கருவடிக்குப்பம் ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் அவர் நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்குக் கூடி வழிபடுவது வழக்கம்.

அவருடைய மாணவர்கள் அவரை மறக்கவில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினர். சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைத்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் உருவானது அச்சபையில்தான். சுவாமிகளைத் தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனச் சண்முகம் போற்றினார். அப்பெயரிலேயே நூலும் எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இவற்றினும் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றுண்டு. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களை ஒட்டி ஸ்பெஷல் நாடகம் நடைபெறுகின்றது. வள்ளியாக நடிப்பவர் ஓரூரிலிருந்து வருவார். முருகனாக நடிப்பவர் வேறூரிலிருந்து வருவார். பபூன் மற்றோர் ஊர். ஆர்மோனியக்காரர் பிறிதோர் ஊர். ஒத்திகை இல்லை. அரிதாரம் பூசும்போதுதான் ஒருவரையொருவர் காண்பதும் உண்டு. ஆயினும் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் விடியும்வரை பிசகின்றி நடக்கும். பபூனின் கேலியும் வள்ளிக்கும் வேலனுக்கும் இடையிலான தர்க்கமும் இடத்திற்கேற்ப நீளும், குறையும். கதையின் முதுகெலும்போ மாறாது. காரணம், அனைவரும் கற்றது ஒரே பாடம். அது சுவாமிகளின் பாடம்.

நிறைவாக

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் இன்றைய நோக்கிற்குக் குறைகள் தோன்றலாம். பாட்டின் மிகுதி கதையோட்டத்தைத் தடுக்கின்றது என்பர். புராணத்தையே சுற்றிவந்தார் என்பர். அவற்றை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் ஒன்றை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். இகழப்பெற்ற ஒரு தொழிலை அவர் இலக்கணத்தோடு கூடிய கல்வியாக்கினார். கூத்தாடி எனத் தள்ளப்பெற்றவனின் வாயில் குறளை வைத்தார். தாம் பெற்ற கைதட்டலைத் துறந்து பிறர் பெறும் கைதட்டலுக்காக உழைத்தார். தம் பேச்சு நின்றபோது, அவர் தமிழ் நூற்றுக்கணக்கான நாவுகளில் பேசிக்கொண்டிருந்தது.

தந்தையின் தொழிலை எழுதத் தயங்கிய அம்மாணவரை, அவ்வாண்டு இறுதியில் ஒருநாள் கருவடிக்குப்பத்திற்கு அழைத்துச் சென்றேன். சுவாமிகளின் வரலாற்றை நடந்துகொண்டே கூறினேன். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், வரும் பங்குனியில் தம் ஊரில் நடக்கும் கூத்தைக் காண என்னை வருமாறு அழைத்தார். சென்றேன். விடியற்காலையில் துரியோதனன் களத்தில் வீழ்ந்தபோது, மேடையோரம் நின்ற அம்மாணவர் தம் தந்தையின் கிரீடத்தை இரு கைகளாலும் ஏந்தி வாங்கிக்கொண்டார். குனிந்திருந்த அவர் தலை அப்போது நிமிர்ந்திருந்தது.